எமிலி மேடம் திருப்பி வாங்கிய வளையங்கள்

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி இருக்கும். பட்டறையில் அச்சைத் திறந்து, சூடு ஆறாத ரப்பர் வளையங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தோம். எமிலி மேடத்தின் கணவர் தேவசகாயம் சாரிடமிருந்து போன் வந்தது. அவர் என்னை நேரடியாக அழைப்பது அபூர்வம்.

"பாஸ்கர், எமிலி போயிட்டா. ஆறு மணி இருக்கும். ஜெபம் பண்ணிட்டு கொஞ்சம் கஞ்சி கேட்டா. கொண்டு வர்றதுக்குள்ள..."

  போனை வைத்துவிட்டு நின்றேன். என் முகத்தைப் பார்த்த சூப்பர்வைசர் குணசேகரன், "எந்த பேட்ச் சார் ஃபெயில்?" என்று கேட்டார். அவர்மேல் தவறில்லை. பதினேழு வருடமாக என் முகம் அப்படிப் போனது எமிலி மேடத்தின் ஆய்வகத்திலிருந்து போன் வந்த நாட்களில் மட்டும்தான்.

எமிலி ஜெயசீலியை உங்களில் சிலர் தேவாலயப் பாடகர் குழுவில் பார்த்திருப்பீர்கள். சிலர் பக்கத்து வீட்டுக்காரர்கள். அவர் என்ன வேலை பார்த்தார் என்பது உங்களில் பலருக்குச் சரியாகத் தெரிந்திருக்காது. "ரப்பர் டெஸ்ட் பண்றேன்" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார். அதனால் அதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

பூமிக்கு அடியிலிருந்து எண்ணெயும் எரிவாயுவும் வருகிற குழாய்களிலும் வால்வுகளிலும், இரும்பும் இரும்பும் சேரும் இடத்தில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். உள்ளே இருக்கும் பயங்கரமான அழுத்தம் வெளியே கசியாமல் அடைத்து நிற்கும் 'சீல்' அந்த வளையம்தான். அதைச் செய்வது என் தொழில். அது தாங்குமா என்று பார்த்துச் சொல்வது அவர் தொழில். வளையங்களை ஒரு கெட்டியான இரும்புக் கலத்தில் வைத்து, சூடேற்றி, அதிக அழுத்தத்தில் கேஸை நிரப்பி நாள்கணக்கில் ஊறவிடுவார். ரப்பருக்குள் கேஸ் மெல்லப் புகுந்துவிடும். பிறகு அழுத்தத்தைச் சட்டென்று இறக்குவார். சோடா பாட்டிலைத் திறந்ததும் நுரை பொங்குகிற மாதிரி, ரப்பருக்குள் இருக்கும் கேஸ் விரிந்து வெளியே வரப் பார்க்கும். நல்ல ரப்பர் தாங்கும். மட்டமானது உள்ளுக்குள்ளேயே கிழியும்.

முதல் தடவை நான் கொடுத்த வளையங்கள் கலத்திலிருந்து வெளியே வந்தபோது பளபளவென்று இருந்தன. "பாத்தீங்களா மேடம், ஒரு கீறல் இல்ல" என்றேன். அவர் ஒரு வளையத்தைப் பலகையில் வைத்து பிளேடால் நான்கு துண்டாக வெட்டினார். வெட்டும்போது வாய்க்குள் ஏதோ கீர்த்தனையை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். துண்டை உருப்பெருக்கியின் கீழே வைத்து, "வந்து பாருங்க சார்" என்று நகர்ந்துகொண்டார். நடுவில், விளிம்பு முதல் விளிம்பு வரை, வறண்ட வயல் மாதிரி வெடிப்பு.

பிறகு உள்ளே போய் எனக்கு ஒரு இளநீர் சீவிக் கொண்டுவந்தார். தேவசகாயம் சாருக்குப் பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்பு உண்டு. ஆய்வகத்தின் மூலையில் எப்போதும் நாலைந்து காய் கிடக்கும். ஃபெயில் ஆனவர்களுக்கு மட்டும்தான் இளநீர் என்பது போகப்போகத்தான் எனக்குத் தெரிந்தது. எங்களைப் போன்ற பட்டறைக்காரர்கள் அவர் ஆய்வகத்துக்குள் நுழைந்ததும் முதலில் மேசையைத்தான் பார்ப்போம். இளநீர் இருந்தால் உட்கார வேண்டிய அவசியமே இல்லை.

அந்தத் தடவை நான் குடிக்கவில்லை. சண்டை போட்டேன். என் ரப்பர் கலவையில் குறையே இல்லை, உங்கள் இயந்திரத்தைச் சரிபாருங்கள் என்று கத்தினேன். இரண்டு நாள் கழித்து என் பட்டறை வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தினார். கையில் சாப்பாட்டுக் கூடை, பையில் வெப்பம் அளக்கும் கம்பிகள். வளையங்களை வேகவைத்துக் கெட்டிப்படுத்தும் ஓவனின் எல்லாத் தட்டுகளிலும் கம்பிகளைச் சொருகிவிட்டு, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு சாயங்காலம் வரை அங்கேயே இருந்தார். பன்னிரண்டரைக்குச் சாப்பாடு. மற்றபடி எழவே இல்லை. நாலரை மணிக்கு என்னைக் கூப்பிட்டார்.

"சார், அடித்தட்டுல சூடு ஏறவே இல்ல. கதவு ஓரத்துல கைய வச்சுப் பாருங்க."

வைத்தேன். அனல் வெளியே வீசியது. ஓவன் கதவைச் சுற்றி ஓடும் ரப்பர் அடைப்பு ஒரு முழ நீளத்துக்குத் தேய்ந்துபோயிருந்தது.

"சீல் பண்ற கம்பெனியில சீல் சரியில்ல" என்றார். சிரிக்காமல்தான் சொன்னார். ஆனால் குணசேகரனால் அடக்க முடியவில்லை. அவர் சிரித்ததும் நானும் சிரித்தேன். கடைசியில் மேடமும் சிரித்தார். எங்கள் பழக்கம் அன்றைக்குத் தொடங்கியது.

அவர் குறையே இல்லாதவர் என்று எழுதினால் அவருக்கே பிடிக்காது. பிடிவாதக்காரர். ஒருமுறை, மாதிரி வளையங்களை மாற்றிக் கொடுத்துவிட்டதாகக் குணசேகரனை எல்லார் முன்னாலும் சத்தம் போட்டார். சீட்டு மாறியது அவருடைய ஆய்வகத்திலேயே என்று மறுநாள் தெரிந்தது. மன்னிப்புக் கேட்கிற வார்த்தை வாயில் வரவில்லை. ஒரு டப்பா நிறைய அச்சு முறுக்கோடு வந்து, "வீட்டுல பிள்ளைங்களுக்குக் குடுங்க" என்று குணசேகரன் கையில் திணித்துவிட்டுப் போனார். அச்சு முறுக்கு சுடுகிற கிறிஸ்துமஸுக்கு அப்போது நாலு மாதம் இருந்தது.

ஆனால் வேலையில் செய்த தவறை அவர் முறுக்கு டப்பாவால் மூடியதில்லை. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுத உட்கார்ந்தேன்.

ஒரு சம்பா நடவுக் காலம். என் வளையங்களுக்கு அவர் பாஸ் என்று கையெழுத்துப் போட்டு, அவை ஒரு கருவிக் கம்பெனிக்குப் போய், மன்னார்குடி தாண்டி ஒரு எரிவாயுக் கிணற்றின் வால்வுகளில் மாட்டியும் ஆகியிருந்தது. ஒரு மத்தியானம் மேடம் என்னை ஆய்வகத்துக்கு வரச் சொன்னார். மேசையில் இளநீர் இல்லை. சோதனைக் கலத்திலிருந்து கேஸ் வெளியேறும் வால்வு பிரித்துக் கிடந்தது. அதன் வாயில் பழைய ரப்பர் துணுக்கு ஒன்று சிக்கியிருந்தது.

"உங்க பேட்ச் வச்சப்பவே இது அடைச்சிருக்கு சார். சில நிமிஷத்துல எறங்க வேண்டிய பிரஷர் ஒரு மணி நேரமா எறங்கியிருக்கு. மெதுவா எறங்குனா எந்த ரப்பரும் தாங்கும். அது டெஸ்டே இல்ல."

மெஷின் வரைந்த கோட்டைக் காட்டினார். அழுத்தம் மெல்ல மெல்லச் சரிந்தது அதில் தெளிவாகத் தெரிந்தது.

"அன்னிக்கி கரண்ட் போயிட்டு போயிட்டு வந்துச்சு. அவசரத்துல இத நான் பாக்கல. பாத்தேன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன்."

 அந்தக் கம்பெனியின் வேலை கிடைக்க நான் இரண்டு வருடம் அலைந்திருந்தேன். "மேடம், மிச்ச வளையம் என்கிட்ட இருக்கு. அத வச்சு இன்னொரு தடவ டெஸ்ட் பண்ணுங்க. ஃபெயில் ஆனா நானே போய்ச் சொல்றேன். பாஸ் ஆயிட்டா யாருக்கும் தெரிய வேணாமே" என்றேன். இப்போது எழுதும்போது கூச்சமாக இருக்கிறது. ஆனால் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. "டெஸ்ட் முடிய எட்டு நாள் ஆகும். நாளன்னிக்கி அங்க கேஸைத் திறக்கப் போறாங்க. அந்த எட்டு நாளும் அது அங்கதானே மாட்டியிருக்கும்?" என்றார். 

போனில் சொன்னால் போதும் என்று நினைத்தேன். போனிலும் சொன்னார். மறுநாள் காலையில் நேரிலும் போவோம் என்றார். என் காரில்தான் போனோம். வழி முழுக்க இரண்டு பக்கமும் நடவு. கிணற்றைச் சுற்றிய கம்பி வேலிக்கு இரண்டு வரப்பு தள்ளி ஏழெட்டுப் பெண்கள் குனிந்து நட்டுக்கொண்டிருந்தார்கள். கார் நின்றதும் ஒரு அம்மா நிமிர்ந்து, "என்னங்க, ஆபீசரா? உள்ள ஏதும் ஆயிப்போச்சா?" என்று கேட்டார்.

"ஒண்ணும் ஆகலைங்கம்மா. ஆகக் கூடாதுன்னுதான் வந்திருக்கோம்" என்றார் மேடம்.

உள்ளே இருந்த கருவிக் கம்பெனி எஞ்சினியர் இளவயதுக்காரர். முதல் நாள் போனிலேயே சூடாகிவிட்டவர். "நீங்களேதான் பாஸ்னு குடுத்தீங்க. இப்ப நீங்களே கழட்டுங்கிறீங்க. எந்தக் கையெழுத்தைம்மா நம்புறது?" என்று கேட்டார்.

மேடம் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார். "இத நம்புங்க. தப்பு என்னுதுன்னு இதுல எழுதியிருக்கேன். வளையம் செஞ்சவருக்கு இதுல சம்பந்தம் இல்லன்னும் எழுதியிருக்கேன்."

அந்த இரண்டாவது வரியை அவர் எழுதியிருப்பது எனக்கு அப்போதுதான் தெரியும். எஞ்சினியர் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். பிறகு ஆட்களைக் கூப்பிட்டு வால்வுகளைப் பிரிக்கச் சொன்னார். வேலை முடியும்போது வெயில் தாழ்ந்துவிட்டது. கழற்றிய பன்னிரண்டு வளையங்களையும் ஒரு துணிப்பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு வந்தார் மேடம். தஞ்சாவூருக்குத் திரும்பும் வழியில் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்க்காத மாதிரி ஓட்டினேன்.

அந்த வளையங்களையே கலத்தில் வைத்தார். எட்டாம் நாள் நான் பக்கத்தில் நின்றேன். பன்னிரண்டையும் வெட்டினார். நாற்பத்தெட்டுத் துண்டு. ஒன்றில்கூட மயிரிழை வெடிப்பு இல்லை.

"நான்தான் சொன்னேன்ல மேடம்!" என்று கிட்டத்தட்ட குதித்துவிட்டேன்.

அவர் உருப்பெருக்கியிலிருந்து தலையைத் தூக்கினார். "ரிங்கு நல்லாத்தான் இருந்துச்சு சார். ஆனா நமக்குத் தெரியாமலே நல்லா இருந்துச்சு. தெரியாத விஷயத்துக்கு நான் கையெழுத்துப் போட்டிருந்தேன்."

அந்தக் கம்பெனி ஒரு வருடத்துக்கு மேல் அவருக்கு வேலை அனுப்பவில்லை. எனக்கு மட்டும் அனுப்பினார்கள். அந்த வளையங்களைச் சோதிக்க நான் திருச்சியில் வேறோர் ஆய்வகத்துக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. குற்ற உணர்ச்சியோடு அதை அவரிடம் சொன்னபோது, "போயிட்டு வாங்க, அவங்களும் நல்லாத்தான் பாப்பாங்க" என்றார். பிறகு ஒருநாள் அதே எஞ்சினியர் வேறு கம்பெனிக்கு மாறிப் போய், அங்கிருந்து எனக்குப் போன் செய்தார். "சார், கிணத்துக்கு நேர்ல வந்தாங்களே, அந்த அம்மா நம்பர் குடுங்க. இனிமே எங்க டெஸ்டெல்லாம் அவங்ககிட்டதான்" என்றார். நான் அதைச் சொல்ல ஓடினேன். மேடம், "அப்படியா?" என்று கேட்டுவிட்டு வேலையைப் பார்த்தார். ஆனால் அன்றைக்கு வழக்கத்தைவிடச் சத்தமாகப் பாடிக்கொண்டிருந்தார் என்று ஆய்வகத்தில் பிறகு சொன்னார்கள்.

போன வருடம் நோய் என்று தெரிந்தது. மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் சிகிச்சை. முடி கொட்டி, தலையில் துணி கட்டிக்கொண்டும் வாரத்தில் மூன்று நாள் ஆய்வகத்துக்கு வந்தார். அப்புறம் இரண்டு நாள். அப்புறம் வரவில்லை.

மூன்று வாரத்துக்கு முன்னால் வீட்டுக்குப் போனேன். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பட்டறை எப்படிப் போகிறது, புதுக் கலவை என்ன ஆயிற்று, குணசேகரன் மகள் பரீட்சை எழுதிவிட்டாளா என்று வரிசையாகக் கேட்டார். எழுந்துகொள்ளப் போனபோது, "பாஸ்கர், கொஞ்சம் இருங்க" என்றார். அவர் என்னை 'சார்' இல்லாமல் கூப்பிட்டது அதுதான் முதல் முறை.

"இத்தனை வருஷத்துல உங்ககிட்ட ஒரு தடவகூட நல்லா இருக்குன்னு நான் சொன்னதில்ல. ரிப்போர்ட்டுல பாஸ்னு போட்டா போதும்னு நெனச்சேன். வீட்டுல படுத்திருக்கிறப்ப தோணுச்சு, போதாதுன்னு." மூச்சு வாங்கியது. கொஞ்சம் பொறுத்துச் சொன்னார். "உங்க வேல நல்லா இருக்கு. ரொம்ப நல்லா இருக்கு."

தலையை ஆட்டினேன். தேவசகாயம் சார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவரை அறிந்த நீங்கள் ஒவ்வொருவரும் அவரிடமிருந்து ஏதாவது வைத்திருப்பீர்கள். ஒரு பாட்டு, ஒரு கோபம், ஒரு டப்பா முறுக்கு. என் அலமாரியில் அவர் கையெழுத்திட்ட அறிக்கைகள் கட்டுக்கட்டாக இருக்கின்றன. அவை பட்டறைக்குச் சொந்தம். எனக்கென்று நான் வைத்துக்கொள்வது, அன்று மாலை கட்டிலில் சாய்ந்தபடி அவர் சொன்ன அந்த வாக்கியத்தைத்தான். எமிலி மேடம் தெரியாத எதையும் சொல்லமாட்டார். பதினேழு வருடம் பார்த்துவிட்டுத்தான் அதைச் சொன்னார்.