உருண்டைப் பதம்

கிரானோலா என்ற சொல்லை எங்கள் மந்தைவெளி வீட்டுக்குள் கொண்டுவந்தவர் என் சித்தப்பா. கோடம்பாக்கத்தில் படப்பிடிப்புகளுக்கு லைட் பிடிக்கிறவர். அங்கே நடனக் குழுவில் ஆடும் ஓர் அக்கா, ஓட்ஸும் பாதாமும் தேனில் புரட்டி வறுத்த அதைத்தான் தினமும் காலையில் பாலில் போட்டுச் சாப்பிடுவாராம். பாக்கெட் விலைக்குப் பயந்து ஸ்பூனால் அளந்து அளந்து தின்கிறாராம். இதையே சித்தப்பா ஏன் தினமும் சொல்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. எனக்கு அப்போது ஒன்பது வயது.

அந்த அக்கா எங்கள் பக்கத்துத் தெரு விடுதியில்தான் இருந்தார். ஹைதராபாத்தில் வேலை கிடைத்து, ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணி ரயிலில் கிளம்புவதாக இருந்தது. ஸ்டேஷனில் பார்த்து, வீட்டிலேயே செய்த கிரானோலா ஒரு டப்பா கொடுத்து, ஒரு விஷயமும் சொல்லப்போவதாகச் சித்தப்பா அம்மாவிடம் சொன்னார். "மொதல்ல வாயத் தெறந்து சொல்லு தம்பி" என்று அம்மா சிரித்தார். என்ன விஷயம் என்று கேட்டேன். யாரும் என்னைச் சட்டை செய்யவில்லை.

பாதாமுக்குப் பதில் வேர்க்கடலை, தேனுக்குப் பதில் வெல்லம், ஓட்ஸில் பாதிக்குக் கெட்டி அவல். சாம்பாருக்கு வெட்டிய பரங்கிக்காயின் விதையைக்கூட மாடியில் காயவைத்திருந்தார். ஓவனுக்குப் பதில் இரும்புச் சட்டி. சனிக்கிழமை மத்தியானம் எல்லாம் வறுத்து முடித்ததும், "கண்ணு, வெல்லம் கரைஞ்சி நொர கட்டுனா அணைச்சிட்டு இதுல ஊத்திக் கெளறிடு. நான் ஷேவ் பண்ணிக்கினு வந்துட்றேன்" என்று என்னிடம் விட்டுவிட்டுப் போனார். அம்மா கடைக்குப் போயிருந்தார்.

நுரை கட்டியது. ஆனால் எங்கள் வீட்டில் பாகு என்றால், தண்ணீரில் விட்ட சொட்டு கையில் உருண்டு வரவேண்டும். அம்மா கடலை உருண்டை பிடிக்கும் நாட்களில் அந்தச் சோதனை என் பொறுப்பு. சித்தப்பாவுக்குப் பாகைப் பற்றி என்ன தெரியும்? உருட்டிப் போட்டால் கிண்ணத்தில் டங்கென்று சத்தம் வரும்வரை காத்திருந்து, பிறகு ஊற்றிக் கிளறித் தாம்பாளத்தில் கொட்டினேன்.

இஸ்திரி போட்ட சட்டையோடு சித்தப்பா வந்தபோது தாம்பாளமும் கிரானோலாவும் ஒன்றாகிவிட்டிருந்தன.

"இன்னா கண்ணு, பாறை மாரி கீது. உதிரி உதிரியா வரணுமே" என்றார். திட்டவில்லை. சப்பாத்திக் கட்டையால் தட்டினோம், அம்மிக் குழவியால் இடித்தோம். ஒரு டப்பா தேற்றி எடுத்துக்கொண்டு ஸ்டேஷன் படிகளில் நாங்கள் ஓடி ஏறியபோது ரயில் நகர்ந்துவிட்டது.

ரயிலிலிருந்து அந்த அக்கா போன் செய்தார். பெஞ்சில் உட்கார்ந்து சித்தப்பா பேசியது முழுக்க வெல்லப் பாகைப் பற்றித்தான். "கொஞ்சம் முத்திப்போச்சி, நான்தான் கவனிக்கல" என்றார். பிறகு டப்பாவின் மூடியை அழுத்தி மூடினார். "சரி, பத்ரமா போ" என்று வைத்துவிட்டார்.

அந்த அக்கா அங்கேயே கல்யாணம் செய்துகொண்டார். சித்தப்பா செய்துகொள்ளவே இல்லை. இப்போது அடையாறில் என் வீட்டில் ஓவன் இருக்கிறது, கிரானோலா உதிரி உதிரியாகத்தான் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா வந்தால் ஒரு வாய் தின்றுவிட்டு, "அன்னிக்கி நீ செஞ்சதுதான் கண்ணு ருசி" என்பார். அந்த மத்தியானத்தை யாராவது திருப்பிக் கொடுத்தால், நுரை கட்டியதுமே அடுப்பை அணைத்துவிடுவேன்.

அன்று ஸ்டேஷன் பெஞ்சில் சித்தப்பா டப்பாவைத் திறந்து என் மடியில் வைத்து, "நீயே துன்னு" என்றார். நான் காலை ஆட்டிக்கொண்டு கடக் முடக்கென்று கடித்துத் தின்றேன். நல்லவேளை ரயில் போய்விட்டது, டப்பா முழுக்க நமக்கே என்று அவரிடம் சொல்லவும் சொன்னேன்.