நெவில் சக்டனின் இடது கை

ஊர் நடுவில் நின்ற அந்த ஆறு மாடிக் கார் நிறுத்தத்தை ஹார்டன்பிரிட்ஜில் யாருக்கும் பிடிக்காது. ஆனால் பழுதுபார்க்க நாலு மாதம் மூடலாம் என்று சொன்னபோது மட்டும் கடைக்காரர்களுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கிறிஸ்துமஸ் வியாபாரம் போய்விடுமாம். நகரசபையும் பணிந்தது. பாதித் தளத்தை மறித்து, இரும்பு முட்டுக் கொடுத்து, கான்கிரீட்டை உடைத்துப் பூச வேண்டும்; மறுபாதியில் கார்கள் வழக்கம்போல ஏறி இறங்க வேண்டும். இப்படி முடிவு செய்த பெரிய மனிதர்களில் ஒருவர்கூட அந்த இரைச்சலில் பத்து நிமிஷம் நின்றதில்லை.

நெவில் சக்டன் நின்றார். வயது அறுபத்திரண்டு. சுத்தியல்காரர். உள்ளே கம்பி துருப்பிடித்து வீங்கினால் கான்கிரீட் அதைவிட்டுப் பிரிந்துவிடும். வெளியே பார்த்தால் தெரியாது. தளத்தின் அடிப்பக்கத்தைச் சாண் சாணாகத் தட்டிச் சத்தத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். கெட்ட இடத்துக்குச் சிவப்பு வட்டம், நல்ல இடத்துக்கு வெள்ளைக் குறி. அவர் போடும் குறிகளை வரைபடத்தில் பதிந்துகொள்வது சஃபியா என்ற இளம் இன்ஜினியரின் வேலை.

கார் உறுமிக்கொண்டு போகும்போது மற்ற சுத்தியல்காரர்கள் கையை இறக்கிவிட்டுக் காத்திருப்பார்கள். நெவில் நிறுத்தமாட்டார். தட்டிக்கொண்டே போவார், தப்பே வராது. அதனால் அவருக்குப் பாம்புக் காது என்று பெயர். சாராயக் கடையில்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். பெண்சாதி எப்போதோ விட்டுப் போயாயிற்று. அந்தப் பெயர் ஒன்றுதான் அவருக்கு மிச்சம்.

உண்மை என்னவென்றால் அவருக்குக் காதே கிடையாது. இருபது வருஷம் உடைப்பு இயந்திரம் பிடித்ததில் இரண்டு காதும் போய்விட்டன. பேச்சை உதட்டைப் பார்த்துச் சமாளித்தார். கான்கிரீட்டை இடது கையால் கேட்டார். உள்ளங்கையை மேலே அழுத்தி வைத்துக்கொண்டு பக்கத்தில் தட்டுவார். நல்ல கான்கிரீட் என்றால் மணிக்கட்டு வரை சுர்ரென்று ஏறும். கெட்டது என்றால் ஈரச் சாக்கைத் தட்டியதுபோல அங்கேயே செத்துவிடும். இது வெளியே தெரிந்தால் சுத்தியலைப் பிடுங்கிவிடுவார்கள் என்று அவருக்குத் தெரியும்.

நவம்பரில் கம்பெனி உத்தரவு வந்தது. அதிர்வில் கை மரத்துப் போகாமலிருக்க எல்லோரும் ரப்பர் வைத்த தடித்த கையுறை போட வேண்டும். வெறுங்கையோடு கண்டால் அன்றைக்கே வெளியே. மேஸ்திரி டேரன் கையுறைகளை வீசிக்கொண்டே வந்தான்.

"இதப் போட்டா சுத்தி வழுக்குது டேரன்."

"வழுக்கினா கால்ல விழும் பெருசு. பாம்புக் காதுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

நெவில் அன்றே வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. நாலு நாள் விரிசலையும் கறையையும் பார்த்துக் குத்துமதிப்பாகக் குறி போட்டார். ஐந்தாம் நாள், அவர் வெள்ளைக் குறி போட்ட இடத்திலிருந்து ஒரு தட்டு அகலத்துக்குக் கான்கிரீட் பெயர்ந்து, கீழே நின்ற காரின் கண்ணாடியைப் பிளந்தது. பின்சீட்டில் குழந்தை நாற்காலி இருந்தது. நல்லவேளை, குழந்தை இல்லை. நெவில் அந்த நாற்காலியில் சிதறிய கண்ணாடித் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் போட்டார். அப்போதும் சொல்லவில்லை. இந்த ஒரு விஷயத்தில் அவர்மேல் எனக்கும் ஆத்திரம்தான்.

திங்கட்கிழமை காலை, கேட் திறப்பதற்கு முன்பே டேரன் எல்லோரையும் மூன்றாம் தளத்தில் கூட்டினான். ஆளாளுக்குக் கையில் தேநீர்க் கோப்பை.

"கார் சத்தம்னு சாக்குச் சொல்லக் கூடாது. இப்ப ஊசி விழுந்தாக்கூடக் கேக்கும். இந்த எடத்தத் தட்டு பெருசு."

நெவில் கையுறையோடு தட்டினார். யோசித்தார். வெள்ளைக் குறி போட்டார். டேரன் சுத்தியலை வாங்கி அதே இடத்தில் ஓங்கி ஒரு போடு போட்டான். காலித் தகர டப்பாபோலச் சத்தம் வந்தது, கெட்ட இடம். நெவிலைத் தவிர எல்லோருக்கும் கேட்டது.

டேரன் அதோடு விடவில்லை. நெவிலின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான்.

"பெருசு, பேன்ட் அவுந்து விழுது."

நெவில் திரும்பவில்லை.

"ஒம் பொண்டாட்டி எங்கூடத்தான் இருக்கா, தெரியுமா? ஒன்ன ரொம்பக் கேட்டா."

ஆட்கள் தேநீரைச் சிந்திக்கொண்டு சிரித்தார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்து நெவிலும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

"என்னடா ஜோக்கு? எனக்கும் சொல்லுங்களேன்."

சஃபியா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வேலையைவிட்டு அனுப்பினால் காது போனதற்குக் கம்பெனிமேல் வழக்குப் போடுவார் என்ற பயத்தில் அவரை வைத்துக்கொண்டார்கள். கார் ஏறும் சரிவின் முனையில், ஒரு பக்கம் 'நில்', மறுபக்கம் 'போ' என்று எழுதிய கம்பைக் கொடுத்து நிறுத்தினார்கள். ஆட்களுக்கு நல்ல பொழுதுபோக்காயிற்று. ஒவ்வொருவனாக அவர் முன்னால் வந்து, குரலே இல்லாமல் வாயை மட்டும் அசைப்பான். அவர் உதட்டைப் பார்த்துப் பதில் சொன்னதும் சுற்றி நிற்பவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். இரண்டு வாரத்தில் அவர் யாருக்கும் பதில் சொல்வதை விட்டுவிட்டார்.

இதற்கிடையில் அவருடைய குறிகளையெல்லாம் மறுபடி தட்டிப் பார்க்கும் வேலை சஃபியா தலையில் விழுந்தது. பதினொரு வாரத்துக் குறிகள், ஆயிரத்துக்கு மேல். வெறுங்கையால் பார்த்ததில் ஒன்றுகூடத் தப்பில்லை. கையுறை போட்ட அந்த நாலு நாள் மட்டும்தான் தப்பு. அவர் கேட்டதெல்லாம் கையால்தான் என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. அந்தக் கணக்குத் தாளை டேரனிடம் காட்டினாள்.

"இத எழுதினா கையுறையாலதான் கல்லு விழுந்துச்சுன்னு ஆகும். யார் தலை உருளும்? கிழிச்சுப் போடு தாயி."

அவள் கிழிக்கவில்லை, மேலிடத்துக்கு அனுப்பவும் இல்லை. அந்தத் திங்கட்கிழமை மௌனமாக நின்றது மட்டும் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. வேறு ஊருக்கு மாற்றலாகிப் போகும் கடைசி நாள், தூசிக்குப் போட்ட முகமூடியைக் கழற்றக்கூட மறந்து, நேரே சரிவுக்குப் போய் நெவில் எதிரில் நின்றாள்.

"மிஸ்டர் சக்டன், நீங்க கையால பாத்த ஒரு எடங்கூடத் தப்பில்ல. ஒண்ணுகூட இல்ல. நான் எல்லாத்தையும் தட்டிப் பாத்துட்டேன்."

நெவில் அவளைப் பார்த்தார். முகமூடிக்கு மேலே கண்கள். கீழே துணி அசைந்தது, நின்றது, மறுபடி அசைந்தது.

"நீயும் கேலி பண்ண வந்துட்டியா கண்ணு?" என்றார்.

அவள் பதறி முகமூடியை இழுத்துக் கழற்றுவதற்குள் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கம்பைப் 'போ' பக்கம் காட்டினார். கார்கள் ஒவ்வொன்றாக மேலே ஏறின. அவள் வாய்விட்டுக் கத்தினாள். அவர் மறுபடி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.