நர்ஸம்மா படிக்காமல் விட்ட பக்கங்கள்

ஆலங்காயத்திலிருந்து வரும் காலை பஸ் நின்றதும், கண்டக்டர் படியில் நின்றபடியே என்னைக் கூப்பிட்டார். "யம்மா, உங்க நர்ஸம்மா போய்ட்டாங்களாம். கண்ணமங்கலத்துல, மக வூட்டுல."

"நோவு இன்னா?" என்றேன்.

"நோவெல்லாம் இல்லியாம். மடியில கதைப் பொஸ்தகம். தூங்கறாங்கன்னு நெனச்சிக்கினு இருந்தாங்களாம்."

அழவேண்டிய இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது. நர்ஸம்மாவுக்கு வேறு எப்படிப் போகத் தெரியும்?

கமலவேணி நர்ஸம்மா எங்கள் மலையில் பதினோரு வருஷம் இருந்தார். அவரிடம் ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கும், ஊசிக்குப் பயந்து சாமைக் காட்டில் ஒளிந்தவர்களுக்கும்தான் இதை எழுதுகிறேன். நான் பள்ளிக்கூடம் போனவள் இல்லை. சாமிப் பாட்டுப் புத்தகத்தையும் மளிகைக் கடைப் பொட்டலக் காகிதத்தையும் வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டப் பழகியவள். பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவர் வந்த புதிதில் குடும்பக் கட்டுப்பாட்டுப் பேச்சு பலமாக இருந்தது. மேட்டில் வெள்ளைப் புடவை தெரிந்தால் ஆம்பிளைகள் காட்டுக்குள் ஓடுவார்கள். பெண்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கதவைச் சாத்துவார்கள். "பேய் வருது" என்றுதான் சொல்வோம். அவர் கோபித்துக்கொண்டதில்லை. "எந்தப் பேய் பத்து மணிக்கு வந்து நோட்டுல கையெழுத்து போடுது?" என்று கதவுக்கு வெளியே நின்று கேட்பார்.

கதவைத் திறக்கவைத்தது ஒரு தொடர்கதை. புளி உதிர்க்கும் காலம். எங்கள் வாசலில் ஒன்பது வீட்டுப் பெண்கள் உட்கார்ந்து புளியைத் தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தோம். நர்ஸம்மா வந்து, ஊசியைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், பையிலிருந்து வாரப் பத்திரிகையை எடுத்துப் படிக்க ஆரம்பித்தார். குடை ரிப்பேர் செய்கிறவன் ஒருவன். அவன் அப்பாவுக்கு எதிராகப் பொய்ச் சாட்சி சொன்னவர்களைத் தேடித் தேடிக் கொல்கிறான். கொன்றபின், முகத்தில் வெயில் படக்கூடாதென்று ஒரு குடையை விரித்து வைத்துவிட்டு, அழுதுகொண்டே போகிறான். அந்தக் குடையில் எங்கள் பெண்கள் விழுந்துவிட்டார்கள். வாராவாரம் கதை. கதை முடிந்ததும், மடியிலிருக்கும் பிள்ளைக்கு ஊசி. ஒருத்தியும் எழுந்து ஓடவில்லை.

மாரியம்மனுக்கு யார் என்ன வேண்டிக்கொண்டார்கள், எது தீர்ந்தது, எது நிற்கிறது என்று ஊருக்காக நான் ஒரு நோட்டு எழுதிவருகிறேன். மறந்துபோன வேண்டுதல் வீட்டுக்கு ஆகாது. ஒரு நாள் எங்கள் புளிக் கூட்டத்துக் குப்பு சொன்னாள்: "எழுதிக்கடி பச்சையம்மா. குடைக்காரன் தூக்குக்குத் தப்பிச்சா ஒம்போது வூட்டுப் பொங்கல்."

"கொலைகாரனுக்கா? நாலு பேர முடிச்சிட்டான். அவன் பேய்டி" என்றேன்.

நர்ஸம்மா உடனே சண்டைக்கு வந்தார். "பேய்க்கு மனசு உறுத்துமா? இவன் அழறான் பாரு. அழறவன் எப்டி பேயாவான்?"

நோட்டைப் பிரித்தேன். எழுதிக்கொண்டேன்.

அடுத்த வாரம் பாதிக் கதையில் பிரசவத்துக்கு ஆள் வந்தது. நர்ஸம்மா பத்திரிகையைப் புளிக்கூடை மேல் போட்டுவிட்டு ஓடினார். விட்ட இடத்தைத் தேடி எழுத்துக்கூட்டினேன். அவர் படித்து முடித்த பக்கத்தில் அரைப்பக்கத்துக்குப் பென்சிலால் கோடு போட்டிருந்தது. அதில் ஒரு வார்த்தைகூட எங்கள் காதில் விழுந்ததில்லை. செத்தவன் பேர் ஏகாம்பரம். மிரட்டினதால் சாட்சி சொன்னவன். அவன் பெண்டாட்டி சோற்றை மூடி வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள். பொழுது சாய்ந்ததும் மூடியைத் திறந்து பார்த்து, மறுபடி மூடுகிறாள்.

மறுநாள் அவர் தங்கியிருந்த இடத்துக்குப் போனேன். ஸ்டவ்வில் ஊசி கொதித்துக்கொண்டிருந்தது. பழைய இதழ்களைப் புரட்டினேன். செத்தவர்கள் வீடு வருகிற இடத்திலெல்லாம் பென்சில் கோடு.

"இன்னாங்க இது? பாதியை முழுங்கிட்டீங்களே!"

அவர் மழுப்பவில்லை. "அதப் படிச்சா நீங்க அழுதுக்கினு எழுந்து போய்டுவீங்க. இவன் மேல பரிதாபம்னா குந்தி கேக்கறீங்க. நானும் ஊசி போட்டுடறேன்."

"ஆத்தாகிட்ட பொய்க்கணக்கு எழுத வெச்சிட்டீங்க. நீங்களே சொல்லிடுங்க."

அவர் முகம் வாடிவிட்டது. "கதையில ஏமாத்தினவ ஊசியில இன்னா கலந்தாளோன்னு சொல்ல மாட்டாங்களா? இன்னும் ரெண்டாவது ஊசி பாக்கி, பச்சையம்மா. ஒருத்தியும் வரமாட்டா."

எனக்கும் அந்தப் பயம் இருந்தது. அம்மன் பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

அடுத்த வாரம் வந்தார். உட்காரவில்லை. நின்றபடி கோடு போட்டதையும் தன் பயத்தையும் சொல்லிவிட்டு, விட்ட பக்கங்களையெல்லாம் படித்தார். நாலு பேர், நாலு வீடு. மூடி வைத்த சோறு வந்தபோது புளி தட்டும் சத்தம் நின்றுவிட்டது.

முதலில் குப்புதான் வாயைத் திறந்தாள். "பல்லும் நகமும் வெச்சிக்கினு வந்திருந்தா ஓடிப்போயிருப்போம். பாவி, குடைய வெச்சிக்கினு வந்தான். கூப்ட்டு குந்த வெச்சிக்கினோம்."

"அவனுக்கும் காரணம் இருக்கில்ல?" என்றார் நர்ஸம்மா, அந்த நிலையிலும்.

"இருக்கட்டுமே! காரணம் அவனுக்கு. சோறு ஆறிப்போனது அவளுக்கில்ல?" என்றேன்.

நர்ஸம்மா பையைத் தூக்கிக்கொண்டார். குப்பு விடவில்லை. "எங்க போறீங்க? ஊசி யாரு போடறது?" மடியிலிருந்த பிள்ளையின் தொடையைக் காட்டினாள். "பொய்யா படிச்சவங்க வந்து மெய்யும் படிச்சிட்டாங்க. கலந்து போடறவளா இருந்தா இத வந்து சொல்லுவாளா? போடுங்க." பிள்ளை வீறிட்டது. நர்ஸம்மாவும் அழுதார்.

வேண்டுதலை மாற்றி எழுதினேன். குடைக்காரனுக்குப் பொங்கல் இல்லை. செத்த நாலு பேருக்குப் படையல். அகாலமாய்ச் செத்தவர்களுக்கு இலை போடாமல் விட்டால் எங்கள் மனசு ஆறாது. என் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார்: "கதையில செத்தவனுக்கு எந்தக் காக்கா வரும்?" வந்தது. நேராக ஏகாம்பரம் இலையில் உட்கார்ந்தது. நாங்கள் குலவையிட்ட சத்தத்தில் அது பறந்தும் போய்விட்டது. மிச்சத்தை நர்ஸம்மாதான் சாப்பிட்டார்.

மாற்றலாகிப் போகும்வரை அவர் தோல்வியை ஒத்துக்கொள்ளவில்லை. பஸ் ஏறும்போதும், "அழறவன் பேய் இல்ல, அவ்ளோதான்" என்றார். அப்புறம் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "ஆனா உன்னாலதான் எனக்கு இப்ப எந்தக் கதையும் கோடு போட்டுப் படிக்க முடியல, போ" என்றார்.

எனக்கும் அப்படித்தான். இப்போது புளி வாசலில் படிப்பது நான். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் பழக்கம். கொலை வந்துவிட்டால், கொன்றவன் எவ்வளவு நல்லவனாக இருந்தாலும், செத்தவன் பேரைச் சொல்லி நிறுத்துவேன். பத்திரிகைக்காரர் அவன் வீட்டைப் பற்றி எழுதாமல் விட்டிருந்தால் நானே இரண்டு வரி சேர்த்துக்கொள்வேன். நர்ஸம்மா விட்டுப் படித்தார், நான் சேர்த்துப் படிக்கிறேன், ஆத்தா மன்னிப்பாள். குப்புவுக்குப் பொறுக்காது. "அவன் மாட்னானா இல்லியா, அதச் சொல்லுடி!" என்று புளியங்கொட்டையை என் மேல் எறிவாள்.

"இருடி. மொதல்ல செத்தவன் வூட்டுக்குப் போய்ட்டு வரலாம்" என்பேன்.