டி.வி. வால்யூமைக் கொஞ்சம் குறைங்க

போன வாரம் திருக்கோகர்ணம் பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு பைக் என்னை உரசுகிற மாதிரி வந்து நின்றது. ஓட்டி வந்தவர் எங்கள் ஊர் கேபிள் சேனலை நடத்துகிறவர். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் விஷயத்துக்கு வந்துவிட்டார்.

"சார், சேனலுக்குப் புதுக் கம்ப்யூட்டர் வாங்கியாச்சு. பழசுல கிடக்கிற எல்லாப் பாட்டையும் இதுல ஏத்த முடியாது. நேயருங்க போன் பண்ணிக் கேக்குற பாட்டை மட்டும்தான் ஏத்தப் போறோம்."

"நல்லதுதானே?"

"அதில்ல சார்... உங்க பாட்டை இப்ப யாருமே கேக்குறதில்ல. தப்பா எடுத்துக்காதீங்க."

பைக் போய்விட்டது. வேறு எப்படித்தான் எடுத்துக்கொள்வது? பஸ்ஸும் வந்தது. ஏறாமல் நின்றேன்.

இத்தனை வருடமாக இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்குக்கூட ஒரு விஷயம் தெரியாது. நான் ஒரு பாட்டு எழுதியிருக்கிறேன். ஒரே ஒரு பாட்டு. அதுவும் ராக் பேண்டுக்கு!

சிரித்து முடித்துவிட்டீர்களா? சரி, தொடர்கிறேன்.

பேண்டின் பெயர் 'செம்பாறை'. நான்கு பேர். பாடி, கிடார் வாசித்தவன் ஆவூர் ஆரோக்கியம். மாதா கோயில் பாடகர் குழுவில் பூசைப் பாட்டுக்கு வாசித்துப் பழகிய கை அது. சாமியார் ஊரில் இல்லாத நாட்களில் அதே கிடாரில் வேறு மாதிரி வாசிப்பான். மற்ற மூவரும் புதுக்கோட்டையில் அவனோடு காலேஜில் படித்தவர்கள். நான் அவர்களோடு டீ குடித்தவன். அந்தத் தகுதியில்தான் என்னைப் பாட்டு எழுதச் சொன்னார்கள்.

'பாறை மேலே பன்னிரண்டு மணி' என்பது பாட்டு. முழுக்க வெயிலைப் பற்றித்தான். புதுக்கோட்டைக்காரன் வேறு எதைப் பற்றி எழுதுவான்? சித்தன்னவாசல் பக்கத்தில் ஒரு மொட்டைப் பாறையில் வீடியோ எடுத்தார்கள். செருப்பில்லாமல் நின்றால்தான் ராக் பேண்ட் மாதிரி இருக்கும் என்று கேமராமேன் சொல்லிவிட்டார். நேரமோ நல்ல உச்சி. வீடியோவில் அவர்கள் நான்கு பேரும் போட்ட ஆட்டத்தைத் தமிழ்நாடே ரசித்தது. ஆட்டமாவது ஒன்றாவது... கால் சுட்டுக் குதித்தார்கள்.

சென்னையின் மியூசிக் சேனல் ஒன்று அதைத் தினமும் சாயங்காலம் போட்டது. பஸ் ஸ்டாண்டில் ஆரோக்கியத்தைப் பார்த்துப் பெண்கள் கிசுகிசுத்தார்கள். பிறகு சாயங்காலம் காலை ஆனது. காலை, பால்காரர் வருகிற நேரம் ஆனது. அப்புறம் அந்தச் சேனலே சினிமா காமெடி போட ஆரம்பித்துவிட்டது. மிஞ்சியது எங்கள் கேபிள் சேனல் ஒன்றுதான். மத்தியானம் போன் செய்து பாட்டுக் கேட்கிற நிகழ்ச்சியில் எப்போதாவது செம்பாறை குதிக்கும்.

பேண்ட் என்னவோ எப்போதோ கலைந்துவிட்டது. ஒருவர் சிங்கப்பூர். ஒருவர் கோயம்புத்தூர். டிரம்ஸ் வாசித்தவர் போய்ச் சேர்ந்துவிட்டார். ஆரோக்கியம் மட்டும் ஆவூரில். மகள் அயர்லாந்தில் நர்ஸ். மனைவி ரெஜினா டீச்சர் போன வருடம் காலமானார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் பேசுவது டி.வி. மட்டும்தான்.

எங்கள் வீடும் அப்படித்தான். என் மனைவி பெங்களூரில் பேரனைப் பார்த்துக்கொள்ளப் போய் மாதக்கணக்காகிறது. ரசத்துக்கு எத்தனை பல் பூண்டு என்று கேட்கத்தான் நாங்கள் இப்போது பேசிக்கொள்கிறோம்.

மறுநாள் ஆவூருக்குப் போனேன். விஷயத்தை நேரில் சொல்லிவிடலாம் என்று நினைப்பு. போய்ச் சேர்ந்தபோது நிகழ்ச்சி தொடங்கியிருந்தது. ஆரோக்கியம் பிளாஸ்டிக் நாற்காலியில் டி.வி.க்கு நேராக உட்கார்ந்திருந்தான். சவரம் செய்து, சட்டை போட்டு... யாரோ விருந்தாளி வரப்போகிற மாதிரி.

"வாய்யா கவிஞரே. உக்காரு. இன்னைக்கு வந்தாலும் வரும்."

"நேத்து வந்துச்சா?"

"இல்ல."

"முந்தாநாள்?"

எத்தனை மாதமாக வரவில்லை என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"யூடியூப்ல கிடக்குதே ஆரோக்கியம். போன்ல போட்டுப் பாக்க வேண்டியதுதானே?"

"நானே போட்டு நானே பாக்குறதா? அது கண்ணாடி பாக்குற மாதிரியில்ல? இதுல வந்துச்சுன்னா எங்கிட்டோ ஒரு ஆளு வாய் விட்டுக் கேட்டிருக்குன்னு அர்த்தம்."

அந்த ஒரு ஆள் யாரென்று எனக்குத் தெரியும். கீரனூர் செல்வி. பல வருடங்களாக எங்கள் பாட்டைக் கேட்டு போன் செய்த ஒரே நேயர். யாருக்கு டெடிகேட் செய்கிறீர்கள் என்று கேட்டால், தவறாமல் ஒரே பதில்தான்: "பாடுன அண்ணனுக்கு." ஆரோக்கியத்தின் தங்கச்சி என்று அந்தப் பெண்ணை வைத்து அவனை எவ்வளவு கேலி செய்திருக்கிறோம்! ரொம்ப நாளாகச் செல்வியையும் காணோம். எங்காவது கல்யாணமாகிப் போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

டி.வி.யில் யாரோ யாருக்கோ பிறந்தநாள் வாழ்த்துச் சொன்னார்கள். புதுப் படப் பாட்டு ஒன்று வந்தது. ஆரோக்கியம் கண்ணை எடுக்கவில்லை. இவனிடம் போய், இனிமேல் வரவே வராது என்று எப்படிச் சொல்வது?

"ஒரு போன் பேசிட்டு வாரேன்" என்று எழுந்தேன்.

"பின்னால துணிக்கொடிகிட்ட நின்னு பேசு. இங்கிட்டு டவர் எடுக்காது" என்றான், திரும்பாமலே.

கொல்லைப்புறம் போனேன். துணிக்கொடியில் ஒரே ஒரு சட்டையும் ஒரு கைலியும் காய்ந்துகொண்டிருந்தன. சேனல் நம்பரைப் போட்டேன். பிஸி. மறுபடி போட்டேன். கிடைத்துவிட்டது.

"வணக்கம், யார் பேசுறீங்க? எங்கேருந்து பேசுறீங்க?"

என் பெயரைச் சொல்ல முடியுமா? பாட்டெழுதியவனே பாட்டுக் கேட்டால் அது கணக்கில் சேருமா?

"சுப்பையா... திருமயம்" என்றேன், தொண்டையைக் கட்டையாக்கிக்கொண்டு.

"சுப்பையா சார், உங்க வீட்டு டி.வி. சத்தம் இங்க எக்கோ அடிக்குது. வால்யூமைக் கொஞ்சம் குறைங்க."

டி.வி. இருப்பது கூடத்தில். ரிமோட் இருப்பது ஆரோக்கியம் கையில். அவனைக் கூப்பிட்டுச் சொன்னால் குட்டு உடைந்துவிடும். சொல்லாவிட்டால் போனைக் கட் பண்ணிவிடுவார்கள். என்ன செய்வது என்று விழித்துக்கொண்டு நிற்கும்போதே...

உள்ளே டி.வி. சத்தம் குறைந்தது.

"இப்ப நல்லாக் கேக்குது சார். எந்தப் பாட்டு வேணும்?"

சொன்னேன்.

"அட, அந்தப் பாட்டா! யாருக்கு டெடிகேட் பண்றீங்க?"

ஒரு பாட்டே எழுதியவனுக்கு ஒரு வார்த்தை வரவில்லை. கடைசியில் வந்ததும் இரவல் வார்த்தைதான். "பாடுன... அண்ணனுக்கு." உண்மையில் நான்தான் அவனுக்கு மூத்தவன்.

உள்ளே வந்தேன். சத்தத்தை மறுபடி கூட்டியிருந்தான். பாறை மேல் நான்கு பேர் குதித்துக்கொண்டிருந்தார்கள். தலை நிறைய முடி. ஆரோக்கியம் ரிமோட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தான். நான் உட்கார்ந்தேன்.

பாட்டு முடிந்ததும் டி.வி.யைப் பார்த்தபடியே சொன்னான். "ரெஜினாவும் அந்தக் கொடிகிட்ட நின்னுதான் பேசுவா."

எனக்கு உடனே பிடிபடவில்லை.

"கீரனூரு அவ பொறந்த ஊரு. செல்விங்கிறது அவ வீட்ல கூப்பிடுற பேரு. துணி எடுக்கப் போறேன்னுட்டுப் பின்னால போவா. கொஞ்ச நேரத்துல டி.வி.ல அவ குரல் வரும், சின்னப் புள்ள மாதிரி மாத்திக்கிட்டு. போன் எடுக்குற புள்ள வால்யூமைக் குறைங்கம்பா. நான் இங்கிட்டு இருந்து குறைச்சிருவேன்."

"டீச்சருக்குத் தெரியுமா... ஒனக்குத் தெரியும்னு?"

"நான் சொல்லல. சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பா." சொல்லிவிட்டுச் சிரித்தான். "கட்டின புருஷன ஊரறிய அண்ணேன்னுட்டு, துணியோட உள்ள வருவா பாரு... மூஞ்சியில ஒண்ணுமே தெரியாது."

சிரிப்பு நின்ற பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டான். நானும் துடைத்துக்கொண்டேன். இரண்டு பேருமே வெயிலைக் குறை சொன்னோம்.

தொலைக்காட்சியில் தன்னைப் பார்க்கத்தான் அவன் உட்கார்ந்திருக்கிறான் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். பழைய ஆர்ட்டிஸ்டுகளுக்கு அந்த ஆசை போகாது என்று முதுகுக்குப் பின்னால் பேசியும் இருக்கிறேன். அவன் பார்க்க உட்காரவில்லை. ஒரு குரல் வருகிறதா என்று கேட்க உட்கார்ந்திருக்கிறான்.

ஊர் திரும்பியதும் சேனல்காரரே போன் செய்தார். "சார், உங்க பாட்டுக்குத் திருமயத்துல ஒரு ஆள் இருக்காரு. சுப்பையாவாம். ஏத்திட்டோம்." அப்படியா, ரொம்ப சந்தோஷம் என்றேன்.

இனி வாரம் ஒரு நாள் ஆவூர் போவதாக முடிவு செய்திருக்கிறேன். அடுத்த முறை அறந்தாங்கி முருகேசன் என்று பெயர் யோசித்து வைத்திருக்கிறேன். எதற்கு அவ்வளவு தூரம் பஸ்ஸில் போக வேண்டும், திருக்கோகர்ணத்தில் உங்கள் வீட்டிலிருந்தே போன் செய்யலாமே என்று நீங்கள் கேட்கலாம்.

செய்யலாம்தான்... எங்கள் வீட்டில் வால்யூமைக் குறைக்க யார் இருக்கிறார்கள்?