கேக் வெட்டித் திறந்த மின்னூலகம்

இன்று காலை அலுவலக மின்னஞ்சலில் ஓர் அழைப்பு. அரசாங்கத்தின் தொழில்நுட்ப ஆய்வுகளுக்கென்று புதிதாக ஒரு மின்னூலகம் திறக்கிறார்களாம். யாரும், எங்கிருந்தும் வாசிக்கலாமாம். கீழே, கேக் உண்டு என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். லண்டனில் அரசாங்க நூலகம் எதுவும் கேக் இல்லாமல் பிறந்ததாக எனக்குத் தெரியாது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதிலும் அப்படி ஒன்று பிறந்தது. பழைய ஆய்வறிக்கைகளின் தாள்களைத் தைத்திருந்த கம்பி ஊசிகளைப் பிடுங்கி, ஸ்கான் செய்ய மேல்மாடிக்கு அனுப்புவது நிலவறையில் இருந்த எங்கள் வேலை. நூலகவியல் படித்த மிதப்பில், உலகத்துக்கே அறிவு பரிமாறுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன். பெட்டியைத் திறந்தால் நனைந்த சாக்கு மணம் வரும்.

அந்த மணம் பக்கத்து மேசை ராசன் அண்ணைக்குப் பழக்கமானது. யாழ்ப்பாணத்தில் பாலம் கட்டியவர், அகதியாக வந்தவர். லூயிஷாமில் உள்ளூராட்சிக் கவுன்சில் கொடுத்த பிளாட்டில் அவருடைய படுக்கையறையும் அப்படித்தான் மணக்கும். சுவரெல்லாம் கறுத்த பூஞ்சணம். மனைவி மலர் அக்காவுக்கு ஓயாத மூச்சிழுப்பு. கவுன்சிலோ, நீங்கள் சமைக்கிற ஆவிதான் காரணம், ஜன்னலைத் திறவுங்கள் என்றது. நாம் அவிக்கிற புட்டுக்குத்தான் எவ்வளவு வல்லமை!

ஒருநாள் அண்ணை ஓர் அறிக்கையோடு எழும்பி நின்றார். அவர் குடியிருந்த மாதிரியான கட்டடங்களைப் பற்றிய ஆய்வு அது. கடைசியில், மடித்து வைத்த பெரிய படம். சுவருக்குள் தண்ணீர் எந்த மூட்டு வழியாக இறங்குகிறது என்று அம்புக்குறி போட்டுக் காட்டியிருந்தது.

"தம்பி, இது என்ரை வீட்டுச் சுவர்! இதைக் காட்டினா அவங்கள் ஒண்டும் கதைக்கேலாது."

பிரதி எடுக்கக் கேட்டோம். மேலாளர் ஹெலன் நல்ல மனுசி, சிரித்துக்கொண்டே மறுத்தார். பகிர்வதற்காகத்தானே நூலகம் கட்டுகிறோம், திறக்கும்வரை எதையும் பகிரக்கூடாதாம். எங்கள் கைபேசிகளும் வாசலில் பூட்டுப் பெட்டிக்குள். பொதுமக்களுக்காக எழுதியதைப் பொதுமக்களிடமிருந்து அவ்வளவு பத்திரமாகக் காத்தோம்.

திறப்பு நாளில், வாயில் கேக் இருக்கும்போதே அண்ணை அந்த அறிக்கையைத் தேடிப் பிடித்தார். கடைசிப் பக்கம் வெறும் வெள்ளை. பெரிய தாளை விரித்தால் பக்கக் கணக்குப் பிழையாகும் என்று மேல்மாடியில் மடித்தபடியே ஸ்கான் செய்திருந்தார்கள். மூலப்பிரதியோ ஏற்கெனவே காகிதக் கூழாக அரைபடப் போய்விட்டது.

மனம் கேட்காமல் அண்ணை இணைப்பைக் கவுன்சிலுக்கு அனுப்பினார். அறிக்கை நெடுகப் படத்தைப் பார்க்கவும் என்றுதான் இருந்தது. பார்த்தோம், படத்தில் எதுவுமில்லை என்று மிக மரியாதையாகப் பதில் வந்தது. அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

இன்று அந்தப் பழைய இணைப்பை அழுத்திப் பார்த்தேன். பக்கமே இல்லை என்கிறது. நூலகத்தை வேறொரு திணைக்களத்தோடு சேர்த்தார்கள், பிறகு சத்தமில்லாமல் மூடிவிட்டார்கள். அதற்கெல்லாம் கேக் வெட்டுவதில்லை. நிலவறை இப்போது உடற்பயிற்சிக்கூடம்.

போன கிழமை கோயில் வாசலில் மலர் அக்காவைக் கண்டேன்.

"எங்கடை பழைய கட்டடத்தை இடிச்சுப்போட்டாங்கள், தெரியுமே? சுவருக்குள்ளாலை தண்ணி இறங்குதாம். இப்பதான் கண்டுபிடிச்சவையாம்."

சொல்லிவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். பாதியில் இழுப்பு வந்துவிட்டது. சிரிப்பை முடிக்க முடியாமல், கைப்பைக்குள் மூச்சுக்கு அடிக்கிற பம்பைத் தேடினார்.