செந்தாமரை மேடம் திருப்பி வைத்த அறை

செவ்வாய்க்கிழமை மதியம் அலுவலகத்தில் சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தபோது செந்தாமரை மேடத்தின் கணவர் போன் செய்தார். "ஜெயந்தி, அவ போயிட்டாம்மா. காலைல நெஞ்சு வலிக்குதுன்னா. ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு" என்றார். குழாயை மூடாமலே நின்றிருக்கிறேன். பக்கத்தில் இருந்தவர் வந்து மூடினார். மாலையில் அவர் ஊரான சுரக்குடிக்குப் போனோம். நடவு முடிந்த வயல்களை ஒட்டி வண்டிகள் நீளமாக நின்றன. காரைக்காலில் எங்கள் அரசுக் கணினி மையத்தில் இப்போது இருப்பவர்கள், மாற்றலில் போனவர்கள், ஓய்வு பெற்றவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். அவரை அறிந்த உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மின் பொறியாளராக அவர் எங்கள் மையத்துக்கு வந்தபோது சுனாமி முடிந்து இரண்டு மூன்று வருடங்கள் ஆகியிருந்தன. பிறப்பு, இறப்பு, குடும்ப அட்டை, நிவாரணம் என்று காரைக்கால் மக்களின் பதிவுகளெல்லாம் எங்கள் சர்வர் அறையில்தான் இருந்தன. அந்த சர்வர்கள் என் பொறுப்பு. வெளியே வெயில் கொளுத்தும், உள்ளே நாங்கள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்போம். முதல் நாள் உள்ளே வந்தவர் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "ஏன் ஜெயந்தி, இவ்வளவு குளிரு மெஷினுக்கா, உங்களுக்கா?" என்று கேட்டார்.

"மெஷினுக்குத்தாங்க மேடம்."

அவர் சர்வர்கள் அடுக்கிய இரும்பு அலமாரிக்குப் பக்கத்தில் போய்க் கையை வைத்துப் பார்த்தார். "அப்ப அது மட்டும் ஏன் இப்படிக் கொதிக்குது?" என்றார். நானும் கையை வைத்துப் பார்த்தேன்.

அப்போது எங்கள் நிலைமை நல்லதாக இல்லை. கரண்டு பில்லும் ஜெனரேட்டருக்கு ஊற்றும் டீசலும் கட்டுப்படியாகவில்லை. செலவைக் குறைக்காவிட்டால் சர்வர்களைப் புதுச்சேரிக்கே கொண்டுபோய்விடுவோம் என்று தலைமை அலுவலகம் சொல்லிவிட்டது. எதற்கெடுத்தாலும் புதுச்சேரிக்கு பஸ் ஏறிப் பழகிய ஊர் இது. பெயரில் ஓர் எழுத்தைத் திருத்துவதற்கும் அங்கே போய் நிற்க வேண்டுமென்றால், கடலுக்குப் போகிறவரும் வயலுக்குப் போகிறவரும் அன்றைய பிழைப்பை விட வேண்டும். நான் கிளிஞ்சல்மேடு என்ற மீனவர் ஊர்க்காரி. அந்த வரிசையில் யார் யார் நிற்பார்கள் என்பது எனக்கு முகம் முகமாகத் தெரியும். இதற்கிடையில் சூடு தாங்காமல் சர்வர்கள் அடிக்கடி நின்றுபோயின. எங்கள் மேலாளர் ராமலிங்கம் சார் வேறு வழியில்லாமல் இன்னொரு பெரிய ஏசி கேட்டு எழுதத் தயாராகிவிட்டார்.

"கொஞ்சம் பொறுங்க சார், காத்து எங்க போவுதுன்னு பாத்துருவோம்" என்றார் மேடம். தையல் கடையிலிருந்து பட்டு நூல் வாங்கி வந்து, துண்டு துண்டாக வெட்டி, எல்லா அலமாரிகளின் முன்னும் பின்னும் ஒட்டினார். நாங்கள் வேடிக்கை பார்த்தோம். முன் வரிசை தன் முதுகுப் பக்கமாகத் தள்ளிய சூட்டை அடுத்த வரிசை அப்படியே முகத்தால் இழுத்துக்கொண்டிருந்தது. நூல்கள் அதைத்தான் காட்டின. ஏசி தந்த குளிரோ யாருக்கும் பயனில்லாமல் கூரையோடு போய்க்கொண்டிருந்தது.

"வீட்டுல சமைக்கிற புகையத் திரும்பப் படுக்கையறைக்குள்ள விடுவோமா சார்? குளிருக்கு ஒரு தெரு, சூட்டுக்கு ஒரு தெருன்னு பிரிச்சிருவோம். ஏசி வேண்டாம். அலமாரியத் திருப்பி வச்சாப் போதும்."

"சர்வர நிறுத்தித்தான் நகத்தணும் மேடம். திரும்ப ஓடலன்னா?" என்று கேட்டேன். உண்மையிலேயே பயமாக இருந்தது.

"ஓடலன்னா என் பேரச் சொல்லுங்க" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, இரண்டு வரிசைகளையும் முகத்துக்கு முகம் பார்க்கும்படி திருப்பி வைத்தோம். நடுச்சந்தில் குளிர்ந்த காற்று, வெளிப்பக்கங்களில் சூடு. இரண்டும் கலக்காமலிருக்கத் தடுப்பு வேண்டியிருந்தது. எங்கள் ஊர்ப் பக்கத்து ஐஸ் கம்பெனி வாசலில் தொங்குமே, கனமான பிளாஸ்டிக் பட்டைகள், அவற்றைப் பற்றிச் சொன்னேன். மறுநாளே என்னோடு வந்து பார்த்துவிட்டு, அதே மாதிரி வாங்கித் தொங்கவிட்டார். அலமாரிகளில் இருந்த இடைவெளிகளை அலுமினியத் தகடு வெட்டி அடைத்தார். பாதி நேரம் வேலையில்லாமல் ஓடிக்கொண்டிருந்த சர்வர்களின் வேலைகளை நான் ஒன்றிரண்டு சர்வர்களில் சேர்த்துவிட்டு மற்றவற்றை அணைத்தேன். "சும்மா ஓடுறதுக்குக் கரண்டு, அதைக் குளுரவைக்கக் கரண்டு. ரெண்டும் மிச்சம் பாருங்க" என்று என் தோளைத் தட்டினார். பிறகு ஏசியின் வெப்ப அளவைச் சிறிது சிறிதாக ஏற்றினோம். ஸ்வெட்டர்கள் வீட்டுக்குப் போயின.

அதோடு அவர் நிற்கவில்லை. மார்கழியில் கடல் காற்றையே உள்ளே விட்டால் ஏசியே வேண்டாமே என்று அவருக்கு ஓர் ஆசை. ஆர்வமாகப் படமெல்லாம் வரைந்தார். சோதித்துப் பார்க்க மொட்டைமாடியில் பளபளப்பான செம்புக் கம்பி ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டார். கொஞ்ச நாளில் அது பச்சை பூத்துவிட்டது. அதை எடுத்துவந்து எல்லோருக்கும் காட்டி, "நம்ம ஊருக் காத்துல உப்பு தூக்கலுங்க. சர்வருக்கு ஒத்துக்காது" என்று சிரித்துவிட்டுப் படத்தைக் கிழித்துப் போட்டார்.

எனக்கு மறக்க முடியாதது அதற்குப் பின் நடந்தது. ஒரு திங்கட்கிழமை, மக்கள் சான்றிதழ் வாங்கும் கவுண்டரில் கூட்டம். திடீரென்று முக்கியமான சர்வர் சூடாகி நின்றுவிட்டது. திருப்பி வைத்ததால்தான் வினை என்று ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தார்கள். மேடம் உள்ளே போய்ப் பார்த்தார். அவர் வைத்த தகடு ஒன்று சர்வர் காற்று இழுக்கும் வழியை மறைத்திருந்தது. தகடு நகர்ந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். பழைய மெஷின் என்றும் சொல்லியிருக்கலாம். அவர் நேராகக் கவுண்டருக்கு வெளியே வந்தார்.

"மெஷின்ல கோளாறு இல்லைங்க. நான்தான் ஒரு தகட்ட எடம் மாத்தி வச்சிட்டேன். என் தப்பு. இப்ப சரி பண்ணிட்டேன், ஓடறதுக்குக் கொஞ்ச நேரம் ஆவும். டீ சொல்லியிருக்கேன், குடிச்சிட்டு இருங்க."

வரிசையில் நின்ற எங்கள் ஊர் மீன்காரம்மா ஒருவர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "ஏம்மா, தப்பு என்னுதுன்னு ஒரு ஆபீசரு சொல்லி இன்னைக்குத்தான் கேக்குறேன். நீ மெதுவாவே பாரு, நான் நிக்கிறேன்" என்றார். கூட்டமே சிரித்தது. டீ வந்து தீர்வதற்குள் சர்வரும் ஓடத் தொடங்கியது.

கரண்டு பில் குறைந்தது. ஜெனரேட்டர் முன்போல் திணறாததால் டீசலும் குறைந்தது. அடுத்த ஆய்வுக்கு வந்த தலைமை அலுவலக அதிகாரி நடுச்சந்தில் நின்று பார்த்துவிட்டு, "இங்கயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஜெனரேட்டர் கரி படிந்து துணி காயப்போட முடியாமலிருந்த பின்பக்கத்து வீட்டுக்காரர்கள் மறுபடியும் துணிக்கொடி கட்டினார்கள். "காசு மிச்சம்னா மேல இருக்கறவங்களுக்குப் புரியும். புகை மிச்சம்னா இந்த வீட்டுக்காரங்களுக்குத்தான் புரியும்" என்று மேடம் ஜன்னல் வழியாக அந்தக் கொடியைக் காட்டுவார். அதில் அவருக்கிருந்த சந்தோஷம் பில் குறைந்ததில்கூட இல்லை.

அவர் நிறைவாக வாழ்ந்தார், நிறைவாக வேலை செய்தார். அவரை நினைத்தால் எனக்கு அழுகையைவிடச் சிரிப்புதான் முதலில் வருகிறது. அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது இரண்டு சொற்கள். 'என் தப்பு.' நானும் சொல்லிப் பழகிவருகிறேன். சொல்லும்போது இன்னும் எனக்குக் குரல் இறங்கிவிடுகிறது. அன்று கவுண்டரில் அவருக்கு இறங்கவில்லை. வரிசையின் கடைசி ஆள்வரை கேட்டது.