தாடைக்கு அடித்த மருந்து

என் அக்காவிடம் வாயைக் கொடுத்து மீண்டவர் யாரும் கிடையாது. தெருமுனையில் இருக்கும் டாக்டரம்மாவின் கிளினிக்கில் பத்தொன்பது வருடமாக நர்ஸ். இழுப்பு, மூச்சிரைப்பு என்று யார் வந்தாலும் முதலில் அவள் முன்னால் நின்று ஒரு குழாயை ஊதியாக வேண்டும். முள் எவ்வளவு நகர்கிறதோ அவ்வளவுதான் உங்கள் மூச்சின் யோக்கியதை. "ஊது, ஊது, தின்னதெல்லாம் எங்க போச்சு?" என்று அவள் போடும் சத்தம் வாசல்வரை கேட்கும். அதனால் அவளுக்கு ஊதக்கா என்று பெயர். அதை முகத்துக்கு நேரே சொல்லும் தைரியம் எனக்கு மட்டும்தான். தம்பி என்கிற சலுகை.

நான் பஸ் ஓட்டுகிறேன். ஒன்பது வருடமாக இழுப்பும் உண்டு. போன மாதம் டிப்போ டாக்டர் அதே மாதிரி ஒரு குழாயை நீட்டினார். கண் பிதுங்க ஊதினேன். முள் இருநூற்று எண்பதில் படுத்துவிட்டது.

"அடுத்த மாசம் நானூறைத் தொடணும். இல்லேன்னா பஸ்ஸை மறந்துட்டு ஸ்டோர் ரூமுக்குப் போயிடுங்க" என்றார்.

ஸ்டோர் ரூமில் டயருக்குக் காவல் இருக்கவா நான் பிறந்தேன்? நேரே அக்காவிடம் ஓடினேன்.

"இன்ஹேலர் ஒழுங்கா போடுறியா?"

"நீ சொல்லிக்கொடுத்த மாதிரியேதான் போடுறேன். மீசையெல்லாம் நனையுதுக்கா."

"அப்ப மீசையை எடு. நீ நர்ஸா, நான் நர்ஸா?"

அத்தோடு பேச்சு முடிந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஐந்து நாட்டுக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. எங்கள் டாக்டரம்மா மாதிரியே தெருமுனையில் கிளினிக் வைத்திருக்கும் டாக்டர்கள், ஐந்து நாட்டுக்காரர்கள், ஓர் ஏற்பாடு செய்திருந்தார்கள். மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை எல்லாரும் கம்ப்யூட்டர் திரையில் கூடுவார்கள். ஒவ்வொரு முறையும் ஒரு கிளினிக், தன் நோயாளிகள் பத்துப் பேர் இன்ஹேலர் போடுவதைப் படம் பிடித்துக் காட்ட வேண்டும். மற்ற நாலு பேரும் பார்த்துத் தப்பைச் சொல்ல வேண்டும்.

தப்பைச் சொல்வதென்றால் அக்காவுக்குக் கேட்கவா வேண்டும்! மூன்று மாதம் பின்னியெடுத்துவிட்டாள். ஒரு நாட்டுத் தாத்தா மூடியைக் கழற்றாமலே அடித்ததைக் கையும் களவுமாகப் பிடித்தாள். இன்னொரு நாட்டு நர்ஸம்மாவைப் பார்த்து, "குலுக்கச் சொல்லித் தரலியா? என்ன பாடம் நடத்துறீங்க?" என்று பொரிந்தாள். டாக்டரம்மா அதைப் பாதிக்குப் பாதி இனிப்பாக்கி ஆங்கிலத்தில் சொன்னார்.

நாலாவது மாதம் எங்கள் முறை. நர்ஸ் பக்கத்தில் நின்றால் நோயாளிகள் பயந்து நடிப்பார்கள் என்பதால், வரவேற்பில் இருக்கும் பெண்தான் படம் எடுத்தாள். நான் ஏழாவது ஆள். திரையில் என் முகத்தைப் பார்க்கும் ஆசையில் அன்று நானும் போய் உட்கார்ந்தேன்.

முதலில் ரிட்டயர்டு வாத்தியார். இன்ஹேலரைக் குலுக்கினார், மூடியைக் கழற்றினார், கீழுதட்டுக்குக் கீழே தாடையில் பதித்தார், வாயைத் திறந்து மூச்சை இழுத்துக்கொண்டே அடித்தார். புகை மூக்கைத் தாண்டிக் கூரைக்குப் போனது. அடுத்து தையல்கார அம்மா. தாடை. அடுத்தவர், தாடை. ஏழாவதாக நான், மீசையோடு. பத்துப் பேரும் பயிற்சி எடுத்த பட்டாளம் மாதிரி தாடைக்கு மருந்தடித்தோம்.

திரையில் ஒரு வெள்ளைத் தாடி டாக்டர் மெதுவாக ஏதோ கேட்டார்.

டாக்டரம்மா தொண்டையைக் கனைத்தார். "உங்க ஊர்ல தாடைக்கு மருந்தடிக்கிறது வழக்கமான்னு கேக்கறார்."

எனக்குச் சிரிப்பு பீறிட்டது. அக்கா சிரிக்கவில்லை. அவளிடம் திட்டு வாங்கிய நர்ஸம்மா கையை உயர்த்தி, "நீங்க எப்படிக் காட்டுவீங்க? ஒரு தடவை செஞ்சு காட்டுங்களேன்" என்று டாக்டரம்மா மூலம் கேட்டார்.

அக்கா டிராயரைத் திறந்து, பாடம் எடுக்கிற காலி இன்ஹேலரை எடுத்தாள். குலுக்கினாள். தாடையில் வைத்தாள். அப்படியே உறைந்துபோனாள்.

"ஐயையோ!"

அந்தக் காலி இன்ஹேலர் ஊருக்கே பொது. ஒருத்தர் எச்சில் இன்னொருத்தருக்குப் போகக் கூடாது என்று அதைத் தாடையில் வைத்துத்தான் காட்டுவாள். நோயாளி கையில் கொடுக்கும்போதும், "இதை வாயில வைக்காதே! நான் செய்ற மாதிரியே செய்" என்று கண்ணை உருட்டுவாள். சொந்த இன்ஹேலரை வாய்க்குள் வைக்க வேண்டும் என்பது யாருக்குத்தான் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அவளை எதிர்த்துக் கேட்க யாருக்குத் தைரியம்? வீட்டுக்குப் போய் அப்படியே செய்தோம்.

அக்காவின் முகம் சுண்டிப்போனது. ஆனால் எழுந்து நின்றாள். "எழுதிக்கச் சொல்லுங்க டாக்டர். நோயாளிங்க மேல தப்பில்ல. தப்பு என்னோடது." டாக்டரம்மா இதை மட்டும் ஒரு சொல்லும் மாற்றாமல் சொன்னார். அந்த நர்ஸம்மா ஒரு குத்தலும் பேசவில்லை. அடுத்த மாதம் முதல், நோயாளிகளைப் படம் பிடிப்பதற்கு முன் நர்ஸுகள் சொல்லிக்கொடுப்பதைப் படம் பிடிக்கலாம் என்றார். எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள்.

அக்கா என் பக்கம் திரும்பினாள். "உன்னோடதை எடு. உள்ள வை. உதட்டை மூடு. இழு." நெஞ்சுக்குள் சில்லென்று ஏதோ இறங்கியது. ஒன்பது வருடத்தில் முதல் தடவை.

அன்றே பழைய நோட்டைப் பிரித்து இருநூற்றுப் பதினாலு பெயர் எழுதினாள். சாயங்காலமானால் வீடு வீடாகப் போய், "நான் தப்பா சொல்லிக் குடுத்துட்டேன்" என்று சொன்னாள். அக்கா வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வரும் என்று நான் நினைத்ததே இல்லை.

நாலு வாரம் கழித்து டிப்போவில் ஊதினேன். டாக்டர் கையெழுத்துப் போட்டார். வெளியே கேட்டருகே அக்கா நின்றிருந்தாள். லீவே போடாதவள் லீவு போட்டு வந்திருந்தாள்.

"எவ்வளவு?"

"நானூத்தி இருபது."

"ஒன்பது வருஷம்டா" என்றாள். "ஊதத் துப்பில்லன்னு உன்னைத் திட்டிக்கிட்டே இருந்தேனேடா." பொலபொலவென்று அழுதுவிட்டாள். தாடையை வைத்து ஒரு கிண்டல் தயாராக வைத்திருந்தேன். அதை அப்படியே விழுங்கிக்கொண்டேன்.

"ஏறுக்கா, வண்டி கிளம்புது" என்றேன்.

முதல் சீட்டில் உட்கார்ந்தாள். மூன்றாவது நிறுத்தத்தில் மூச்சு வாங்க ஒரு பெரியவர் ஏறினார். சட்டைப் பையிலிருந்து இன்ஹேலரை எடுத்தார். குலுக்கினார். தாடையில் வைத்தார்.

"ஐயா! வாயில வைங்க!" பஸ்ஸே அதிர்ந்தது.

வண்டியை ஓரங்கட்டினேன். அக்கா அவர் பக்கத்தில் உட்கார்ந்து, மன்னிப்புக் கேட்டு, சரியாகப் போட வைத்து, நோட்டில் நூற்று அறுபத்து மூன்றாவது பெயரை அடித்தாள். ஆறு நிமிடம் தாமதம். டிரிப் சீட்டில் காரணம் எழுதும் இடத்தில் 'அக்கா' என்று எழுதினேன்.